தங்கம்மாளின் ஒரு மணி நேர லீவு

கார்த்திகை மாதம் பிறந்தால் ஊர் உலகமெல்லாம் லீவு போட்டுக்கொண்டு திருவண்ணாமலைக்கு வரும். திருவண்ணாமலையிலேயே குடியிருப்பவர்களுக்குத்தான் அந்த மாதத்தில் லீவு கிடையாது. அதிலும் மாடி வைத்த வீடாக இருந்து, அந்த மாடியிலிருந்து மலை உச்சி மறைப்பில்லாமல் தெரிந்துவிட்டால், அந்த வீட்டுப் பெண்பிள்ளை தொலைந்தாள். தங்கம்மாள் அப்படித் தொலைந்து இருபது வருஷம் ஆகப் போகிறது.

அறுபத்திரண்டாம் வருஷம் தை மாதம், வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தாள். புருஷன் ஆதிமூலம் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. நல்ல மனுஷர்தான். அதட்டிப் பேசமாட்டார், சாப்பாட்டில் குற்றம் சொல்லமாட்டார், சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுத்துவிடுவார். அவருக்கு இருந்த ஒரே பெருமை அந்த மாடி. "நம்ம மாடியிலேர்ந்து பாத்தா உச்சியில தீபம் ஏத்தற கொப்பரையே தெரியும்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வைப்பார். சொன்னது போதாதா? தீபத்துக்கு மூன்று நாள் முன்னாலேயே போளூர், ஆரணி, வேலூர், சோளிங்கர் என்று நாலா திக்கிலிருந்தும் உறவு வந்து இறங்கிவிடும். கடிதம் போட்டுவிட்டு வருவது என்ற பழக்கம் அந்த வம்சத்தில் யாருக்கும் கிடையாது. இருபது பேருக்குக் குறைந்து ஒரு வருஷமும் வந்ததில்லை.

வந்தவர்களுக்கு வெந்நீர், காப்பி, சாப்பாடு, பாய், தலையணை எல்லாம் தங்கம்மாள். அவள் முகம் சுளித்ததில்லை என்று சொன்னால் பொய். சுளித்தாள், ஆனால் சமையலறையில் அடுப்பைப் பார்த்துச் சுளித்தாள். மற்றவர்கள் பார்க்கும்போது "வாங்க, வாங்க, நல்ல நேரத்துக்கு வந்தீங்க" என்றுதான் சொன்னாள்.

இதற்கெல்லாம் மேலே விளக்கு ஒன்று இருந்தது. தீபத்தன்று மலையில் ஜோதி ஏறுகிற வரைக்கும் அந்த ஊரில் யாரும் வீட்டு வாசலில் கார்த்திகை விளக்கு ஏற்றமாட்டார்கள். ஏறின பிறகு தாமதிக்கவும் மாட்டார்கள். ஆதிமூலத்தின் வீட்டில் இது இன்னும் ஒரு படி கறார். ஐம்பத்துநான்கு அகல், வீட்டுக்காரிதான் ஏற்றவேண்டும், வேறு கை படக்கூடாது. மாமியார் போட்ட கட்டு அது. மாமியார் போய் வருஷக்கணக்காகியும் கட்டு போகவில்லை.

ஆகையால் தீபத்தன்று ஆறு மணிக்கு உறவெல்லாம் மாடியில் நிற்கும். ஆதிமூலம் நடுவில் நின்றுகொண்டு, யார் எங்கே நின்றால் நன்றாகத் தெரியும் என்று இடம் பிரித்துக் கொடுப்பார். தங்கம்மாள் கீழே கூடத்தில் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு தனியாக நிற்பாள். மேலே "அரோகரா" என்று சத்தம் கேட்டதும் குச்சியைக் கிழிப்பாள். ஐம்பத்துநான்கையும் ஏற்றிவிட்டு நிமிர்வதற்குள், மாடியிலிருந்து எல்லோரும் பசியோடு இறங்கி வந்துவிடுவார்கள். அன்றைக்கு முழு விரதமல்லவா? இலை போடவேண்டும். மலைத் தீபம் பதினோரு நாள் எரியும்; கொல்லையில் துணி உலர்த்தும்போது நிமிர்ந்தால் தெரியும். ஆனால் அது ஏறுகிற நேரத்தை அவள் பார்த்ததில்லை. அதை ஒரு குறையாகவும் அவள் நினைத்ததில்லை. அவளுடைய ஆசை வேறே.

அவளுக்கு ராட்டினம் ஏறவேண்டும்.

தீபத்துக்கு முன்னும் பின்னுமாக இருபது நாள், ஊருக்குக் கிழக்கே இருந்த மைதானத்தில் பெரிய கூடாரமெல்லாம் போட்டுப் பொருட்காட்சி நடக்கும். பாம்பு உடம்பும் பெண் தலையுமாக ஒருத்தி கேள்வி கேட்டால் பதில் சொல்லுவாள். மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள் சுற்றும். டெல்லி அப்பளம் முறத்தளவுக்குப் பொரிப்பார்கள். எல்லாவற்றுக்கும் நடுவில் ராட்சத ராட்டினம், டீசல் என்ஜின் வைத்துச் சுற்றுவது. அதன் உச்சித் தொட்டில் தங்கம்மாள் வீட்டு மாடிக்கே தெரியும்.

அவள் பொருட்காட்சிக்குப் போகாமல் இல்லை. எழுபத்தைந்தில் உறவுப் பட்டாளத்தோடு போனாள். ராட்டினத்துக்கு இரண்டு மணி நேரம் வரிசை. முன்னால் போய்ச் சேர்ந்ததும் நாத்தனார் ராஜம்மாள், "அண்ணி, நீங்க இந்தச் செருப்பையெல்லாம் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டாள். பதினாறு ஜோடிச் செருப்பு, நான்கு பை, ஒரு கைக்குழந்தை. தங்கம்மாள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். எழுபத்தெட்டில் வரிசையின் முனைக்கே வந்துவிட்டாள், கம்பியில் கையும் வைத்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து உறவுக்காரப் பெண் ஒன்றுக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. வேறு யார் கூட்டிக்கொண்டு போவார்கள்?

எண்பதில் பக்கத்து வீட்டுக்கு ஜினமதி குடிவந்தாள். புருஷன் தன்யகுமார் பள்ளிக்கூட வாத்தியார். சமண நயினார் குடும்பம்; பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடமாட்டார்கள், கிழங்கு தொடமாட்டார்கள், மற்றபடி பேச்சுக்கும் சிரிப்புக்கும் குறைவில்லை. தங்கம்மாளுக்கு அப்போது நாற்பது ஆகப் போகிறது, ஜினமதிக்கு முப்பது. இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர். அதன் மேல் சாய்ந்துகொண்டு பேசிப் பேசியே அந்தச் சுவர் வழவழத்துப் போனது.

எண்பத்தொன்றாம் வருஷம், தீபத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஜினமதி கேட்டாள்.

"ஏன்க்கா, ஊர்ல இருக்கறவங்க அல்லாரும் லீவு போட்டுட்டு உங்க வீட்டுக்கு வர்றாங்க. நீங்க லீவு போட்டா எங்க போவீங்க?"

தங்கம்மாள் முறத்திலிருந்து கண்ணெடுக்காமல், "ராட்டினத்துக்கு" என்றாள்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது. ஜினமதி சிரிக்கவில்லை. "எத்தினி நாள் லீவு?" என்று மேலே கேட்டாள்.

"நாளா? ஒரு மணி நேரம். அஞ்சுலேர்ந்து ஆறு."

இதை அவள் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. வருஷக்கணக்காக ஆராய்ந்து வைத்திருந்தாள். தீபத்தன்று சாயங்காலம் அஞ்சே காலுக்கு மாடியைப் பெருக்கிப் பாய் விரிக்கப் போவாள். அப்போதெல்லாம் ராட்டினத் தொட்டில்கள் காலியாகச் சுற்றும். மற்ற நாளில் ஈ மொய்க்கிற கூட்டம், அன்றைக்கு அந்த நேரத்தில் மட்டும் கோயிலைப் பார்க்கவும் மலையைப் பார்க்கவும் இடம் பிடிக்கப் போய்விடும். வரிசையே இருக்காது. போக இருபது நிமிஷம், சுற்ற ஐந்து நிமிஷம், வர இருபது நிமிஷம். ஆறு மணிக்குத் தீப்பெட்டியோடு கூடத்தில் நின்றுவிடலாம். மாடியை முன்கூட்டியே பெருக்கிவிட்டால் தீர்ந்தது. இவ்வளவு கணக்காக யோசித்தவளைத் தாலுகா ஆபீஸில் உட்கார வைத்திருந்தால் பாதி ஃபைல் நகர்ந்திருக்கும்.

"ஆனா ஆறுக்கு நான் வீட்ல இல்லன்னா போச்சு" என்றாள் தங்கம்மாள். "வெளக்கு ஏறாம வீடு இருட்டா கெடந்தா ராஜம்மா ஆரணி வரைக்கும் சொல்லுவா. அவரு ஒண்ணும் சொல்லமாட்டாரு. அதான் பயமா இருக்குது."

"நானும் வரேன்க்கா. நானும் பொழுதோட திரும்பணும்."

தீபத்தன்று இருபத்தேழு பேர். தங்கம்மாள் நான்கரை மணிக்கெல்லாம் சமையலை முடித்து மூடி வைத்தாள். அகல்களை வரிசையாக அடுக்கி, எண்ணெய் ஊற்றி, திரி போட்டாள். மாடியில் பாய் விரித்தாயிற்று. "ஜினமதி வீட்டுக்குப் போய் வாழையில வாங்கிட்டு வந்துடறேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் கொல்லை வழியாக வெளியேறினாள். அவளை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. ஆதிமூலம் மாடியில் சோளிங்கர்க்காரர்களுக்கு இடம் காட்டிக்கொண்டிருந்தார்.

ஜினமதி ஒரு டிபன் பாக்ஸோடு வந்தாள். "இன்னா அது?" என்றதற்கு, "ராத்திரி சாப்பாடு. பொழுது சாயறதுக்குள்ள முடிக்கணுமில்ல" என்றாள்.

கணக்கு முதலில் சரியாகவே வந்தது. மைதானத்தில் ஆளில்லை. அப்பளக் கடைக்காரர் கூட எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு மலையைப் பார்க்க நாற்காலி போட்டிருந்தார். ராட்டினத்தின் அடியில் வரிசையே இல்லை. இருபது வருஷ ஆசை வாய்விட்டுச் சிரித்தது. "பாத்தியா? நான் சொன்னன் பாத்தியா?" என்று ஜினமதியின் தோளில் அடித்தாள்.

ராட்டினக்காரர் இருசப்பன் தலையில் துண்டும் நெற்றியில் பட்டையுமாக என்ஜின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரைப் பார்த்ததும் கையை விரித்தார்.

"ரெண்டு பேரை வெச்சி சுத்த முடியாதும்மா. ஒரு பக்கமா இழுக்கும். பத்து பேராவது வேணும். குந்துங்க, வருவாங்க."

வரிசை இல்லாததே இப்படித் தடையாக வரும் என்று அவள் நினைத்தாளா? ஐந்தரை ஆயிற்று. மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிவிட்டது. ஜினமதி தரையில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்து, வானத்தை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே தயிர்ச்சோற்றை அவசரமாகத் தின்றாள். தங்கம்மாளுக்கு விரதம், பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. திரும்பிவிடலாமா என்று இரண்டு முறை எழுந்தாள், இரண்டு முறை உட்கார்ந்தாள்.

ஐந்தே முக்காலுக்குச் செஞ்சிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. ஒன்பது பேர், ஆண்களுக்கெல்லாம் புது மொட்டை, சந்தனம் காயவில்லை. ஊருக்குப் புதிது போலிருக்கிறது. எந்த நேரம் எங்கே நிற்கவேண்டும் என்று தெரியாமல் ராட்டினத்துக்கு வந்துவிட்டார்கள். தங்கம்மாள் அவர்களைக் கையைப் பிடிக்காத குறையாக ஏற்றினாள்.

"அஞ்சே நிமிஷம். எறங்கி ஓடிடலாம்" என்று சொல்லிக்கொண்டே தொட்டிலில் உட்கார்ந்தாள். கம்பியைப் போட்டார்கள். என்ஜின் டபடபவென்று அடித்தது.

முதல் சுற்றில் தங்கம்மாள் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஜினமதி கண்ணை இறுக மூடிக்கொண்டு அருகனை அழைக்க ஆரம்பித்துவிட்டாள். தங்கம்மாள் கண்ணை மூடவில்லை. மேலே போகும்போது கோபுரங்கள் நாலும் கீழே இறங்கின. கூரைகளும் தென்னைகளும் இறங்கின. பிறகு எல்லாம் ஒன்றாக மேலே எழும்பி அவளைத் தரையில் கொண்டு விட்டது. இரண்டாம் சுற்றில் சிரிப்பு வந்தது. மூன்றாம் சுற்றில் அடக்க முடியாத சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வழிந்தது, புடவைத் தலைப்பு பறந்தது, அவள் பிடிக்கவில்லை. இவ்வளவு சந்தோஷத்தை இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஆறாவதோ ஏழாவதோ சுற்றில் கீழ்த் தொட்டிலில் இருந்த மொட்டைக்காரரிடம், "மணி இன்னாங்க?" என்று கத்தினாள்.

"அஞ்சு அம்பத்தி நாலு!"

சிரிப்பு நின்றது. "போதும், நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று இருசப்பனைப் பார்த்துக் கத்தினாள். அவர் வாயெல்லாம் பல்லாகக் கையை ஆட்டினார். ராட்டினத்தில் ஏறினவர்கள் எல்லோரும் அப்படித்தான் கத்துவார்கள். அதைக் கேட்டு நிறுத்தினால் தொழில் நடக்குமா? கூட்டமில்லாத நாளாச்சே என்று நல்ல மனசோடு இன்னும் ஜாஸ்தியாகச் சுற்றினார்.

பிறகு திடீரென்று என்ஜின் அடங்கியது. ராட்டினம் மெல்ல ஆடி நின்றது. தங்கம்மாளின் தொட்டில் உச்சியில் நின்றது.

கீழேயிருந்து இருசப்பன் கையைக் குவித்துக் கத்தினார். "அல்லாரும் ஆடாம குந்துங்க! தீபம் ஏறப் போவுது. ஏறினப்பறம் எறக்கி உடறேன். வருஷா வருஷம் இந்த நேரத்துல மெஷினத் தொடமாட்டேன்." சொல்லிவிட்டுத் தலைத் துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு மலையைப் பார்த்து நின்றுவிட்டார்.

தங்கம்மாளுக்குத் தன் கணக்கில் இருந்த ஓட்டை அப்போதுதான் தெரிந்தது. அஞ்சே காலுக்கு ராட்டினம் என்ன செய்யும் என்று வருஷா வருஷம் பார்த்தவள், ஆறு மணிக்கு என்ன செய்யும் என்று ஒரு வருஷமாவது பார்த்தாளா? ஆறு மணிக்கு அவள் மாடியில் இருந்தால்தானே!

"ஐயோ ஜினமதி, என் வெளக்கு! இருட்டா கெடக்குமே வீடு! இருபத்தேழு பேரு இருக்காங்களே!"

"அக்கா, ஆட்டாதீங்கக்கா. குதிச்சா போவ முடியும்? கம்முனு குந்துங்க."

ஊர் இருண்டிருந்தது. கோயில் பக்கமிருந்து வந்த மேளச் சத்தமும் நின்றது. லட்சம் பேர் இருக்கிற இடத்தில் இப்படி ஒரு அமைதி வரும் என்று அவளுக்குத் தெரியாது. அவளுக்கு எப்போதும் சத்தம்தான் வந்து சேரும். எதிரே மலை கறுப்பாக நின்றது. நடுவில் மறைப்பதற்கு ஒரு கூரை இல்லை, ஒரு தலை இல்லை.

உச்சியில் முதலில் புகை எழுந்தது. அப்புறம் ஒரு பொட்டு. குங்குமப் பொட்டளவுதான். அது அணைந்துவிடுமோ என்று தங்கம்மாள் தன்னை அறியாமல் மூச்சைப் பிடித்தாள். பொட்டு நடுங்கியது, பெருத்தது, ஒரேயடியாக மேலே எழுந்து நின்றது. ஊர் மொத்தமும் "அரோகரா" என்று எழுப்பிய ஓசை தொட்டிலை வந்து தொட்டது. ஜினமதி கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தங்கம்மாள் அழுதாள். பக்தியா, பயமா, கோபமா என்று பிரித்துச் சொல்ல முடியாத அழுகை. வீட்டுக்கு மேலேயே, பதினேழு படி ஏறினால் பார்த்திருக்கக்கூடிய ஒன்றை, பத்தொன்பது வருஷம் பார்க்காமல் இருந்திருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அதற்குள் ஊரில் விளக்குகள் வர ஆரம்பித்தன. கோயிலை ஒட்டிய தெருக்களில் முதலில். அங்கிருந்து வாசல் வாசலாக, மாடி மாடியாக. தெருவுக்கு மஞ்சளில் கரை கட்டியாயிற்று. அவள் கண் தன் வீட்டைத் தேடியது. இரட்டைத் தென்னைக்கு இந்தப் பக்கம், ஜினமதி வீட்டை ஒட்டி. இரண்டு பக்கமும் விளக்கு வந்துவிட்டது, நடுவில் ஒரு வீடு மட்டும் இருட்டு. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என்ஜின் மறுபடி அடித்தது, தொட்டில் கீழே இறங்கியது.

இறங்கி ஓடலாம் என்றால் கால் வைக்க இடமில்லை. மலை சுற்றக் கிளம்பிய கூட்டம் அத்தனையும் எதிரே வந்தது. இருபது நிமிஷ வழி முக்கால் மணி நேரம் பிடித்தது. வழியெல்லாம் தங்கம்மாள் என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்தாள். இலைக்காக அலைந்தேன் என்று சொல்லலாம். கையில் இலை இல்லை. மயக்கம் போட்டு விழுந்தேன் என்று சொல்லலாம். விரதமாயிற்றே, நம்புவார்கள். ஆனால் அந்த மலையைப் பார்த்துவிட்டு வந்த வாயால் அன்றைக்குப் பொய் சொல்ல வரவில்லை. வீட்டு முனையில் ஜினமதி, "நான் வேணா வந்து சொல்லட்டாக்கா?" என்றாள். "வேணாம், நீ போ. நானே சொல்லிக்கறேன்" என்று அனுப்பிவிட்டாள்.

வாசலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பார்க்கவே பாவமான விளக்குகள். சிலவற்றில் திரி எண்ணெயில் மூழ்கிக் கிடந்தது, சிலவற்றில் பாதித் திரி கருகியிருந்தது. கோலத்தின் மேல் எண்ணெய் சிந்தி, தீக்குச்சிகள் சிதறிக் கிடந்தன. வாசற்படியில் ஆதிமூலம் உட்கார்ந்திருந்தார். வேட்டி முழுக்க எண்ணெய்க் கறை, கட்டை விரலில் ஈரத் துணி சுற்றியிருந்தது.

உள்ளேயிருந்து ராஜம்மாள் குரல் வந்தது. "வந்துட்டாங்களா அண்ணி? அந்த அதிசயத்தக் கேளுங்க. நான் ஏத்தறேன்னு சொன்னா விடல. அண்ணன் தானே ஏத்துவேன்னு குந்திக்கிச்சு. ஆம்பள ஏத்தின வெளக்கு!"

தங்கம்மாள் படியருகே நின்றாள். "இல போடறேன், இருங்க. பசியோட இருப்பீங்க" என்று எதையோ சொன்னாள்.

ஆதிமூலம் அவளைப் பார்த்தார். "அஞ்சே முக்காலுக்குக் கீழ வந்தேன், நீ இல்ல. ஜினமதி வீட்லயும் இல்ல. சரி, வர்ற வரைக்கும் நான் நிக்கறேன்னு தீப்பெட்டிய எடுத்துக்கினு கூடத்துல நின்னேன்."

அவள் குனிந்து, சிதறிக் கிடந்த குச்சிகளைப் பொறுக்கினாள்.

"கீழ நின்னா ஒண்ணுமே தெரியலயே, தங்கம். சத்தம் மட்டும்தான் வருது." அவர் குரல் தேய்ந்திருந்தது. "இத்தினி வருஷமா இப்படித்தான் நின்னியா?"

"ஆமாங்க."

"நான் ஒரு தடவகூட..." என்று ஆரம்பித்தவர், விரலில் சுற்றிய துணியை அவிழ்த்து மறுபடி சுற்றினார். உள்ளே யாரோ, "இல போட்டாச்சா?" என்று கேட்டார்கள். "கொஞ்சம் பொறுங்க!" என்று ஆதிமூலம் உரக்கச் சொன்னார். அந்த வீட்டில் அவர் குரல் அப்படி உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

பிறகு அவளிடம் மெதுவாகக் கேட்டார். "நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"எங்கேர்ந்து?"

"ராட்டினத்து உச்சியிலேர்ந்து."

அவர் வியப்பைக் காட்டவில்லை. பிறந்ததிலிருந்து நாற்பத்தைந்து தீபம் அந்த மாடியில் நின்று பார்த்தவர், படியில் சற்று நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்.

"இந்த வருஷம் நான் பாக்கலியே. எப்படி இருந்துது, சொல்லு."

தங்கம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "மொதல்ல பொகதாங்க வந்துது" என்று ஆரம்பித்தாள்.